நாற்காலித் தச்சரின் மகன்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய நாளில், உயர்வகுப்பு மாணவர்க்கு ஒருமுறை அமெரிக்க நாட்டு வரலாற்றைக் கூறிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க் மாநகரத்தையே தன் கைப்பிடிக்குள் வைத்திருந்த வில்லியம் ட்வீட் என்பவனின் கதை இடையில் வந்தது. அவன் நகரத்துப் பொதுப்பணத்தைக் கோடிக்கணக்கில் கொள்ளையிட்டான், பிடிபட்டான், சிறையிலே மாண்டான் என்று சொல்லி, தீநெறியில் செல்வோர் அடையும் முடிவு இதுவே எனப் பாடத்தை முடித்தேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அவன் திருடன்தான். ஆனால், குளிர்காலத்தில் ஏழைகளுக்கு அவன் நிலக்கரி வாங்கிக் கொடுத்தான் என்றும் நீங்களே சொன்னீர்கள். திருடாத பெரியவர்கள் அந்த ஏழைகளுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று கேட்டான்.

அந்நேரம் மணி அடித்தது. அந்த மணியோசைதான் அன்று என்னைக் காப்பாற்றியது. ஏனெனில், அவன் வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, கிடைத்த நூல்களைப் படித்து, அந்த விடையைத் தேடினேன். அதனையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ட்வீடை அந்நகரத்தார் 'பாஸ்' என்று அழைத்தனர். இன்று அலுவலகந்தோறும் வழங்கும் இச்சொல் டச்சு மொழியில் தோன்றியது. 'எசமானன்' என்பது அதன் பொருள். நியூயார்க் நகரம் தொடக்கத்தில் டச்சுக்காரர் அமைத்த குடியிருப்பு ஆதலால், அச்சொல் அம்மண்ணிலேயே தங்கிவிட்டது. மன்னனில்லாக் குடியரசு நாட்டில், மக்களே வாக்களிக்கும் நகரத்தில், ஓர் எசமானன் எவ்வாறு தோன்ற முடியும்? நம் ஆராய்ச்சி இக்கேள்வியிலிருந்து தொடங்குகின்றது.

ட்வீட் 1823ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 3ஆம் நாள், நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதியில் செர்ரி தெருவில் பிறந்தான். அவன் தந்தை நாற்காலி செய்யும் தொழிலாளர். மகனும் இளமையில் அத்தொழிலைக் கற்றான். பின்னர்ச் சேணம் தைக்கவும் கணக்கெழுதவும் பயின்றான். செல்வமோ உயர்கல்வியோ அவனுக்கு வாய்க்கவில்லை. வாய்த்தவை பருத்த உடலும், சிரித்த முகமும், ஒருமுறை கேட்ட பெயரை மறவாத நினைவாற்றலும்.

அவன் வளர்ந்த காலத்திலேயே நகரமும் வளர்ந்தது. 1820இல் ஏறத்தாழ 1,24,000 மக்கள் வாழ்ந்த நகரத்தில் 1850இல் 5,15,000 பேர் நெருங்கி வாழ்ந்தனர். 1870இல் அத்தொகை 9,42,000 ஆயிற்று. அயர்லாந்தில் 1845ஆம் ஆண்டு உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அதனால் மூண்ட பெரும்பஞ்சத்திற்கு அஞ்சி, இலட்சக்கணக்கான மக்கள் கப்பலேறி அமெரிக்கா வந்தனர். செருமானிய நாட்டிலிருந்தும் பலர் வந்தனர். கையில் காசில்லை, தெரிந்தவர் இல்லை, தங்கக் காற்றோட்டமற்ற அடுக்குக் குடியிருப்புகளே கிடைத்தன. நோயுற்றால், வேலை இழந்தால், வீடு எரிந்தால் யாரிடம் செல்வது? நகராட்சியோ அரசோ இவற்றைத் தம் கடமையாகக் கருதாத காலம் அது.

அவர்கள் சென்று நின்ற வாயில் டாமனி மண்டபத்தின் வாயில். டாமனி என்பது 1780களில் தோன்றிய ஒரு சங்கம். டாமனெண்ட் என்னும் செவ்விந்தியத் தலைவரின் பெயரைத் தாங்கியது. தன் தலைவர்களுக்கும் மண்டபத்திற்கும் செவ்விந்தியப் பட்டப்பெயர்களையே சூட்டிக்கொண்டது. நாளடைவில் அது நகரத்து ஜனநாயகக் கட்சியின் உயிர்நிலையாயிற்று. நகரம் பல வட்டங்களாகப் பிரிந்திருந்தது. வட்டந்தோறும் டாமனிக்கு ஒரு தலைவன் இருந்தான். அவனுக்குக் கீழே தெருத்தெருவாக ஆள்கள் இருந்தனர். வந்திறங்கியவனுக்கு வேலை தேடித் தருவதும், வழக்கில் சிக்கியவனுக்குப் பிணை கொடுப்பதும், துக்க வீட்டிற்குச் செல்வதும் அவர்கள் பணி. தேர்தல் நாளில் அந்தக் குடும்பங்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்வதும் அவர்கள் பணியே. சிறு சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்ற, பெரிய சக்கரம் அதனினும் பெரியதைச் சுழற்றும் இவ்வமைப்பையே அமெரிக்கர் 'அரசியல் இயந்திரம்' என்றனர்.

இவ்வியந்திரத்தில் ட்வீட் நுழைந்த வழி தீயணைப்புப் படை. அக்காலத்தில் நியூயார்க்கில் ஊதியம் பெறும் தீயணைப்போர் இல்லை. இளைஞர்கள் தாமே குழு சேர்ந்து இறைப்பான் வண்டிகளை இழுத்துச் சென்றனர். அமெரிக்கஸ் என்னும் ஆறாம் எண் குழுவிற்கு ட்வீட் 1850இல் தலைவனானான். சீறும் புலியின் முகம் அக்குழுவின் சின்னம். தீயணைக்கச் செல்பவன் தெருவெல்லாம் அறிந்தவன் ஆகின்றான். அவனுக்குப் பின்னால் எழுபது, எண்பது இளைஞர்கள் அணிவகுக்கின்றனர். கட்சிக்காரர் கண்ணுக்கு அவர்கள் அத்தனை பேரும் வாக்குகளாகத் தெரிந்தனர். 1851இல் ட்வீட் நகரமன்ற உறுப்பினனாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றான்.

அந்த மன்றத்தை மக்கள் 'நாற்பது திருடர்' என்று அழைத்தனர். உறுப்பினர்க்கு ஊதியம் இல்லை; ஆயினும் சாராயக்கடை உரிமமும், தெருவில் வண்டி விடும் உரிமையும், காவலர் நியமனமும் அவர்கள் கையில் இருந்தன. ஊதியமில்லாப் பதவிக்கு ஏன் இத்தனை போட்டி என்பதை இளைஞன் ட்வீட் அங்கேயே கற்றுக்கொண்டான். 1853 முதல் 1855 வரை வாஷிங்டனில் பாராளுமன்ற உறுப்பினனாக இருந்தான். அங்கே அவன் மனம் ஒட்டவில்லை. நாட்டுக்குச் சட்டம் இயற்றுவதைவிட, ஊரில் வேலை வழங்கும் அதிகாரமே வலிமை மிக்கது என்று கண்டு திரும்பிவிட்டான்.

1858இல் நியூயார்க் மாவட்ட மேற்பார்வைக் குழுவில் ட்வீட் இடம் பெற்றான். முறைகேடுகளைத் தடுப்பதற்கென்றே, இரு கட்சியினரும் சம எண்ணிக்கையில் அமரும்படி அமைத்த குழு அது. வேலியாக நட்ட அக்குழுவே பயிரை மேயத் தொடங்கிற்று. குழுவுக்குப் பொருள் விற்போர் தம் கணக்கில் நூற்றுக்கு 15 கூட்டி எழுத வேண்டும். கூடுதல் தொகை உறுப்பினர்க்குச் சேர வேண்டும். இது முதற்படி. பின்னாளில் அப்பங்கு நூற்றுக்கு 50ஐயும் கடந்தது.

இனி 1863ஆம் ஆண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போர் நடக்கின்றது. கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. 300 டாலர் கட்டினால் விலக்கு உண்டு என்றும் அது கூறியது. 300 டாலர் என்பது ஓர் ஏழைத் தொழிலாளியின் ஓராண்டு ஊதியத்தை ஒத்தது. செல்வன் மகன் வீட்டிலிருப்பான். ஏழை மகன் போருக்குப் போவான் என்று பொருளாயிற்று. ஜூலை மாதத்தில் நகரத்தில் பெருங்கலகம் மூண்டது. வெறிகொண்ட கூட்டம் குற்றமற்ற கறுப்பின மக்களைக் கொன்றது. கறுப்பினக் குழந்தைகளின் அநாதை இல்லத்திற்குத் தீயிட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கலகம் அடங்கிய பின், ட்வீட் இருந்த மேற்பார்வைக் குழு ஒரு வழி கண்டது. மாவட்டமே கடன் வாங்கி, போருக்குச் செல்ல இயலாத ஏழைக்கு மாற்றாளை அமர்த்தித் தரும் என்பதே அது. கட்டாயச் சேர்ப்பு அமைதியாக நடந்தேறியது. மாணவர்களே, இதனை மறைக்கக் கூடாது. சட்டம் இயற்றியவர்கள் காணாத நியாயத்தை அந்த இயந்திரம் கண்டது. ட்வீட் உயர்ந்தமைக்கு அவன் கயமை ஒன்றே காரணமென்று கூறினால் நாம் பாதி உண்மையையே கூறியவர்களாவோம். அவ்வாண்டிலேயே அவன் டாமனியின் தலைமைப் பதவியை அடைந்தான்.

அதன்பின் அவன் ஏற்றம் விரைவானது. 1868 முதல் மாநில மேலவை உறுப்பினன். ஈரி இருப்புப்பாதை நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவன். அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன் அவனுக்கு வேண்டிய நீதிபதிகள், வந்தேறிய மக்களுக்குக் குடியுரிமைச் சான்றுகளைப் பல்லாயிரக்கணக்கில் வழங்கினர். 1870இல் நகரத்திற்குப் புதிய ஆட்சிச் சட்டம் ஒன்றைக் கையூட்டுக் கொடுத்து நிறைவேற்றினான். அதன் பயனாக, நகரம் செலுத்த வேண்டிய தொகைகளைத் தணிக்கை செய்யும் அதிகாரம் மேயர் ஓக்கி ஹால், கணக்கதிகாரி ரிச்சர்டு கானலி, பொதுப்பணி ஆணையன் ட்வீட் ஆகியோர் கைக்கு வந்தது. செலவிடுவோரும் அவர்களே, சரிபார்ப்போரும் அவர்களே. பூங்காத் துறையின் பீட்டர் ஸ்வீனியையும் சேர்த்து இந்நால்வரை 'ட்வீட் வளையம்' என்று வரலாறு கூறும்.

அவர்களின் கைவேலைக்குச் சான்று சேம்பர்ஸ் தெருவில் இன்றும் நிற்கின்றது. அது மாவட்ட நீதிமன்றக் கட்டடம். 1858இல் அதற்கு ஒதுக்கிய தொகை 2,50,000 டாலர். இறுதியில் ஆன செலவோ ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் டாலர். அமெரிக்க அரசு 1867இல் உருசியாவிடமிருந்து அலாஸ்கா நிலப்பரப்பு முழுவதையும் 72 இலட்சம் டாலருக்கு வாங்கியது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுவர் பூசும் ஒப்பந்தக்காரர் ஒருவர்க்கு இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர் கொடுத்ததாகக் கணக்கு. மூன்று மேசைகளுக்கும் நாற்பது நாற்காலிகளுக்கும் 1,79,729 டாலர்! ஒரு நாற்காலிக்கு எத்துணை மரம், எத்துணை உழைப்பு, எத்துணைக் கூலி என்று அந்நகரத்தில் எவரைக் காட்டிலும் நன்கறிந்தவன், நாற்காலித் தச்சரின் மகனாகிய ட்வீட்.

நகரத்தில் நேர்மையாளர் இல்லையா? இருந்தனர். ஐயம் எழுந்தபோது, 1870ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், மூன்றாம் ஜான் ஜேக்கப் ஆஸ்டர் தலைமையில் செல்வர் அறுவர் கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட்டனர். குற்றம் ஏதும் இல்லை என்று கையொப்பமிட்டுத் தேர்தலுக்குச் சற்று முன்னர் அறிக்கை தந்தனர்.

அடுத்து வந்த குளிர்காலத்திலேதான் என் மாணவன் கூறிய நிலக்கரி வருகின்றது. தான் பிறந்து வளர்ந்த ஏழாம் வட்டத்து ஏழைகளுக்கு ட்வீட் 50,000 டாலர் கொடுத்தான். அடுப்பில்லா அறையில் குழந்தையை அணைத்துக்கொண்டு நடுங்கிய தாய்க்கு, அந்நிலக்கரியின் வெப்பம் உண்மையானது. அதனைப் பழிக்க எனக்கு நா எழவில்லை. ஆயினும் கணக்காசிரியரைப் போல ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுவர் பூசியவரின் இரண்டு நாள் கணக்கு 1,33,187. ஒரு வட்டத்து ஏழையர் அனைவர்க்கும் கிடைத்தது 50,000. அந்தப் பணமும் யாருடையது? ஏழை கொடுத்த வாடகைக்குள் வீட்டு வரி ஒளிந்திருந்தது. நகரம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டியவரும் அவரும் அவர் பிள்ளைகளுமே. தம் பெட்டியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பிடியைத் தமக்கே திருப்பித் தந்தவனை அவர்கள் வள்ளல் என்று வாழ்த்தினர்.

வீழ்ச்சி 1871இல் வந்தது. 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் கேலிச்சித்திரங்கள் வரைந்தார். டாமனிக்கு அவர் புலியுருவம் கொடுத்தார். அது பழைய தீயணைப்புக் குழுவின் புலியே. எழுத்தறியாத தன் மக்கள் செய்தித்தாளைப் படியார், ஆனால் படத்தைப் பார்ப்பரே என்று ட்வீட் கவலைப்பட்டதாகக் கூறுவர். வளையத்தின் கணக்கர் ஒருவர் பனிவண்டி விபத்தில் மாண்டதும், உள்ளிருந்த புத்தகங்களின் படிகள் வெளிவந்தன. ஜூலை மாதத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் அவற்றை முதற்பக்கத்தில் எண்களாகவே அச்சிட்டது. இதழின் உரிமையாளர் ஜார்ஜ் ஜோன்சுக்கு 50 இலட்சம் டாலர் தருவதாகக் கானலி ஆசை காட்டினார்; ஜோன்ஸ் மறுத்தார். நாஸ்டுக்கும், அவர் பின்னர்க் கூறியபடி, ஐரோப்பா சென்று ஓவியம் பயிலுமாறு 5,00,000 டாலர் வரை விலை பேசினர், அவரும் மறுத்தார். செப்டம்பரில் நகரமக்கள் கூப்பர் யூனியன் மண்டபத்தில் கூடி, எழுபதின்மர் குழு ஒன்றை அமைத்தனர்.

இங்கே என் மாணவனின் வினா மீண்டும் எழுகின்றது. எண்கள் வெளிவந்தன, ட்வீட் கைதாகிப் பிணையில் இருந்தான். அந்நிலையில் நவம்பர்த் தேர்தல் வந்தது. டாமனியைச் சேர்ந்தோர் பலர் தோற்றனர். ட்வீட் மட்டும் தன் தொகுதியில் மீண்டும் வென்றான்! அம்மக்களை அறிவிலிகள் என்று அன்றைய செல்வர் ஏசினர். அது நேர்மையான தீர்ப்பா? அம்மக்கள் முன் நின்ற இருவரில் ஒருவன் திருடன். ஆனால் கதவைத் தட்டினால் திறப்பவன். மற்றவர் நல்லவர்; ஆனால் அவர் கதவு எங்கிருக்கின்றது என்றே அவர்களுக்குத் தெரியாது.

ட்வீடின் இறுதிநாள்களைச் சுருங்கச் சொல்கின்றேன். 1873 நவம்பரில் 204 குற்றங்களில் தண்டனை பெற்றான். பன்னிரண்டு ஆண்டுச் சிறை என்பது தீர்ப்பு. மேல்முறையீட்டில் அது ஓராண்டாகக் குறைந்தது. 1875இல் வெளிவந்தவன், அரசு தொடுத்த 60 இலட்சம் டாலர் உரிமை வழக்கில் மீண்டும் சிறைப்பட்டான். அவ்வாண்டு டிசம்பர் 4ஆம் நாள், வீட்டைப் பார்த்துவர அனுமதி பெற்றுச் சென்றபோது தப்பியோடினான். கியூபா வழியாக ஸ்பெயின் நாட்டை அடைந்தான். அங்கே நாஸ்டின் சித்திரமொன்றைக் கொண்டே அவனை அடையாளம் கண்டு பிடித்தனர். 1877இல், விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் தன் குற்றங்களையெல்லாம் ஒளிக்காமல் சொன்னான். விடுதலை கிடைக்கவில்லை. 1878 ஏப்ரல் 12ஆம் நாள், பிறந்த தெருவிற்குச் சிறிது தொலைவில், லட்லோ தெருச் சிறையில் உயிர் துறந்தான். அப்போது அவனுக்கு அகவை 55.

இத்துடன் கதை முடிந்ததா? முன்பு நான் இத்துடன்தான் முடித்தேன். என் பிழையும் அதுவே. ட்வீட் வீழ்ந்த மறு ஆண்டே டாமனிக்கு ஜான் கெல்லி என்னும் புதிய தலைவர் வந்தார். அவருக்குப் பின் கிரோக்கர், மர்பி என்று ஒருவர்பின் ஒருவராக வந்தனர். எசமானன் போனான், எசமானனின் நாற்காலி அப்படியே இருந்தது. அந்நாற்காலியைத் தாங்கிய கால்கள் யாவை? பசி, குளிர், வேலையின்மை, அச்சம் ஆகிய நான்குமே. அவற்றை அகற்றாத வரையில் ஆளை மட்டும் அகற்றிப் பயன் என்ன?

அக்கால்கள் மெல்ல மெல்லவே ஆட்டங்கண்டன. நியூயார்க் மாநிலம் 1883இல் குடிமைப் பணிச் சட்டம் இயற்றி, அரசுப் பதவிகள் சிலவற்றிற்குத் தேர்வு முறையைக் கொணர்ந்தது. 1911இல் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் பற்றிய தீயில் 146 தொழிலாளர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் இளம்பெண்கள். அதனை அடுத்து அமைந்த விசாரணைக் குழு, தொழிலாளர் பாதுகாப்புக்குப் பல சட்டங்கள் இயற்றக் காரணமாயிற்று. அக்குழுவை முன்னின்று நடத்திய இராபர்ட் வாக்னர், ஆல் ஸ்மித் ஆகிய இருவரும் டாமனியிலே வளர்ந்தவர்கள் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏழையின் துன்பத்தை அவர்கள் அந்த வட்டங்களிலேயே நேரில் அறிந்திருந்தனர். அதனைச் சலுகையால் தீர்க்காமல் சட்டத்தால் தீர்க்க முயன்றனர். 1935இல் முதியோர்க்கும் வேலையற்றோர்க்கும் உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்தது. டாமனியின் ஆற்றல் அதன்பின் தளர்ந்து, 1960களில் மறைந்தது. அதற்குக் காரணங்கள் பல. உதவியைக் கேட்டுப் பெறாமல் உரிமையாகப் பெறும் நிலை வந்தது அவற்றுள் ஒன்று.

ஆதலால், அன்று கடைசி வரிசையில் எழுந்து நின்ற மாணவனுக்கு என் விடை இது: "தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. திருடாத பெரியவர்கள் அந்த ஏழைகளுக்கு எதுவும் கொடுக்கவில்லை. அறுவர் திருடனுக்குக் கையொப்பம் கொடுத்தனர். அவர்களுடைய அலட்சியமே ட்வீடை உயர்த்திய ஏணி. ஆனால் அவன் கொடுத்த நிலக்கரிக்கும் ஒரு விலை இருந்தது. சட்டம் தரும் நிலக்கரியை நிமிர்ந்து நின்று வாங்கலாம். எசமானன் தரும் நிலக்கரியைக் குனிந்துதான் வாங்க வேண்டும். குனிந்தவன் கணக்குக் கேட்க முடியாது."

நாளை நீங்கள் வாக்களிப்பீர்கள். உங்களுள் சிலர் பதவியிலும் அமர்வீர்கள். நேர்மையாய் இருந்தால் மட்டும் போதும் என்று எண்ணாதீர்கள். ஏழை தட்டும்போது திறக்கும் கதவாகவும் இருங்கள். கணக்கைக் கேளுங்கள், கேட்போர்க்குக் கணக்கைக் காட்டுங்கள்.

சேம்பர்ஸ் தெருவின் அந்தக் கட்டடத்தை நகரத்தார் இடித்துவிடவில்லை. பழுது பார்த்துப் புதுப்பித்தனர்; ட்வீட் நீதிமன்றம் என்றே அதற்குப் பெயர் வழங்குகின்றது. 2002ஆம் ஆண்டில் நகரத்தின் கல்வித் துறை அலுவலகம் அதில் குடியேறியது. கொள்ளையர் எழுப்பிய கட்டடம் பள்ளிப் பிள்ளைகளின் பணிக்கு வந்ததை எண்ணும்போது, ஆசிரியனாகிய எனக்கு ஆறுதல் உண்டாகின்றது. ஆயினும் அங்கே இட்டிருக்கும் நாற்காலிகளின் விலை என்ன என்று கேட்கும் ஒரு மாணவன் எப்போதும் எந்த வகுப்பிலும் இருக்க வேண்டும். அவன் கடைசி வரிசையில் இருந்தாலும் குற்றமில்லை.